அவர் மாட்டிய பலகை

எனக்கு ஒரு மனிதர் மேல் பதினைந்து வருஷம் பொறாமை இருந்தது. கொஞ்ச நஞ்சப் பொறாமை இல்லை. காலையில் பல் துலக்கும்போது ஆரம்பித்து, சாயங்காலம் தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கும்வரை கூடவே வரும். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. செய்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும், நிம்மதியாக வெறுத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் பம்மலில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர்கள். லாரிகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன இரும்பு, பித்தளைச் சாமான்கள் செய்யும் இடம். பக்கத்து டேனரியிலிருந்து வரும் தோல் நாற்றத்தில்தான் மத்தியானச் சாப்பாடு. புதிதாகச் சேர்ந்தவன் முதல் வாரம் டப்பாவைத் திறக்கமாட்டான், இரண்டாம் வாரம் பக்கத்தில் இருப்பவன் ஊறுகாயைக் கேட்பான்.

பட்டறையில் இரண்டு பகுதி. வாசல் பக்கம் லேத் மெஷின்கள். தண்டைக் கடைந்து உருவம் கொடுப்பது அங்கே. அதற்கு நான். பின்பக்கம் ஃபினிஷிங். நாங்கள் கடைந்து அனுப்புவதைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது அங்கே. அதற்கு அவர். என்னிடம் பதினான்கு ஆள், அவரிடம் பதினொன்று. விலை உயர்ந்த கருவிகள் வைத்திருந்த பெரிய மரப்பெட்டியின் சாவிக்கொத்தும் என்னிடம்தான் இருந்தது. அதை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, நடக்கும்போது சத்தம் வருகிற மாதிரி நடப்பேன். ஆக எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான் ஒரு படி மேலே. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. பின்னால் ஒரு பாழுங்கிணறு. யாராவது ஒரு பீஸைக் கெடுத்துவிட்டால், சத்தம் போடாமல் வேட்டி மடிப்பிலோ டிராயர் பையிலோ போட்டுக்கொண்டு, ஒன்றுக்குப் போகிற மாதிரி பின்னால் போவான். கிணற்றுக்குள் ஒரு ‘தொபுக்’. அவ்வளவுதான். நானும் அந்தக் கிணற்றுக்கு நிறையத் தீனி போட்டிருக்கிறேன்.

அவர் சேர்ந்த இரண்டாம் வாரம் ஒரு ஷாஃப்டை அளவுக்கு மேல் தேய்த்துக் கெடுத்துவிட்டார். எல்லோரும் பார்த்தோம். கிணறு எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லித் தருவார்கள் என்றுதான் நானும் இருந்தேன். அவர் பார்சல் பெட்டியிலிருந்து ஒரு பலகையைப் பெயர்த்தெடுத்து, சுவரில் இரண்டு கொண்டி அடித்து, கண்ணுக்கு நேர் உயரத்தில் மாட்டினார். கெட்டுப்போன ஷாஃப்டை அதன்மேல் வைத்தார். ஒரு அட்டையில் என்ன தப்பு, எப்படி நடந்தது என்று எழுதி, கீழே தன் பெயரையும் எழுதி, கம்பியால் அதில் கட்டினார். மறுநாள் காலையில் மெஷின் ஓடுவதற்கு முன் தன் பதினொரு பேரையும் அதற்கு முன்னால் நிற்கவைத்து, “அட்டையில எழுதினா பத்தாது, வாயாலயும் சொல்லணும்” என்று, நடந்ததை இரண்டு நிமிஷத்தில் சொன்னார். பிறகு வேலைக்குப் போய்விட்டார்கள்.

நான் சிரித்தேன். “பின்னாடி கண்காட்சி தொறந்திருக்காங்க, டிக்கெட் உண்டா கேட்டுட்டு வா” என்று என் ஆள் ஒருவனிடம் சொன்னேன். அவனும் சிரித்தான்.

ஒரு மாசத்தில் பலகையில் இரண்டாவது பீஸ் வந்தது. அதை வைத்தவன் இடது கைக்காரன் ஒருவன், பம்மல்காரன், வாயைத் திறந்தால் ஊரே கேட்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “பராக்கு பாத்துகினு இருந்தேன், டூல் எறங்கிட்சு” என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். அவர் திட்டவில்லை. “சரி, இனிமே என்ன செய்யலாம்?” என்று மட்டும் கேட்டார். வருஷம் திரும்புவதற்குள் பின்பக்கத்து ஆட்கள் கிணற்றுப் பக்கம் போவதை விட்டுவிட்டார்கள். அவர்கள் கெடுக்கும் பீஸும் குறைந்தது. எனக்கு அதுதான் முதல் எரிச்சல்.

எரிச்சல்கள் அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. என்னை எல்லோரும் ‘சார்’ என்பார்கள். நான் கேட்டு வாங்கிய சார் அது. அவரை ‘அண்ணே’ என்றார்கள், யாரும் கேட்காமலேயே. நான் வந்தால் பீடியைப் பின்னால் மறைப்பார்கள். அவர் இருக்கும் பக்கம் பீடி பற்றவைக்கவே மாட்டார்கள். இருவரும் தாம்பரத்தில் ஒரே எலெக்ட்ரிக் ரயிலைப் பிடித்துப் பல்லாவரத்தில் இறங்கி நடப்போம். ரயிலில் டேனரிக்காரர்கள் யாராவது அவருக்கு இடம் பிடித்து வைத்திருப்பார்கள். அவர் அதில் என்னை உட்காரச் சொல்வார். உட்கார்ந்தாலும் எரியும், நின்றாலும் எரியும்.

ஒரு பொங்கலுக்கு, பட்டறை ஆட்கள் வருவார்கள் என்று சொல்லி என் மனைவியைப் பெரிய டின் நிறைய முறுக்கு சுடச் சொன்னேன். அதற்கு முந்திய மாசம்தான் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் இருபது பேர் சாப்பிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பொங்கலன்று ஒருவரும் வரவில்லை. மாட்டுப் பொங்கலன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் என் மனைவி டின்னைத் திறந்து தட்டில் கொட்டி, “நாமளே சாப்பிடலாம். நமுத்துப் போயிடும்” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், நான் கத்தியாவது இருப்பேன்.

இடது கைக்காரன் தன் பையனுக்கு அவர் பெயரை வைத்தான். முருகன் கோயிலில் வைத்து, ஒரு கிறிஸ்தவப் பெயரை. பூசாரி இரண்டு தடவை கேட்டாராம். என் பெயரை ஒரு நாய்க்குட்டிக்குக்கூட யாரும் வைத்ததாகத் தகவல் இல்லை.

எல்லாவற்றையும்விட மோசம், என் ஆள் ஒருவன் ஒரு பித்தளைத் துண்டைக் கெடுத்துவிட்டு, என்னிடம் சொல்லாமல் பின்பக்கம் போய் அவர் பலகையில் வைத்தது. நான் அவனைக் கூப்பிட்டு, “ஏன்டா எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“நீங்க கத்துவீங்க சார்” என்றான்.

“நான் எப்படா கத்தினேன்?” என்று கேட்டேன். கேட்ட சத்தத்தில் இரண்டு லேத் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி பட்டறை முழுவதற்கும் ஒரு போர்மேன் போடப்போவதாகப் பேச்சு வந்தது. கண்ணாடி வைத்த தனி அறை, தனி மேஜை. எங்கள் இருவரில் ஒருவர். நான் அவரைவிட நான்கு வருஷம் சீனியர். ஆனால் டீக் கடையில் நின்றால் காதில் விழுவது, “அண்ணன்தான் வருவாரு” என்பதுதான். எனக்கு அந்த அறை வேண்டும். அது கிடைக்காவிட்டால் மிச்ச சர்வீஸ் முழுக்க அவர் கண்ணாடிக்கு உள்ளேயும் நான் வெளியேயும் இருக்கவேண்டும். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அந்த ரீமர் விஷயத்துக்கு வருகிறேன். ரீமர் என்பது துளையைக் கடைசியாக இழைத்துச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கருவி. அதுவரை எங்களுக்கு எல்லா அளவும் இஞ்ச்தான். அரை இஞ்ச், கால் இஞ்ச், நூல் என்று கைக்கும் வாய்க்கும் பழகியிருந்தது. திடீரென்று வரைபடங்களெல்லாம் மில்லிமீட்டரில் வர ஆரம்பித்தன. எனக்கு அது பிடிக்கவேயில்லை. இருபது வருஷம் தெரிந்த வேலையை ஒரே நாளில் தெரியாத வேலையாக்கிவிட்டார்கள் என்று கோபம்.

ஒரு காலையில் அவர் ஒரு வரைபடத்தோடு என் பெட்டிக்கு வந்தார். நானூறு பித்தளை புஷ். தண்டு உள்ளே சுழல்வதற்கான சின்ன வளையம். அதன் துளை பன்னிரண்டரை மில்லி.

“பன்னிரண்டரைக்குப் புது ரீமர் வந்திருக்கா?” என்று கேட்டார்.

வந்ததா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே. கைக்கு அகப்பட்ட அரை இஞ்ச் ரீமரை எடுத்து நீட்டினேன். “பன்னிரண்டரைன்னா அரை இஞ்ச்தான். ரெண்டும் ஒண்ணு.”

“ஒண்ணா?”

“எனக்குத் தெரியாதா?” என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். “நீங்க சொன்னா சரி” என்று வாங்கிக்கொண்டு போனார். இடது கைக்காரன் மெஷினில் அது ஓட ஆரம்பித்தது.

மத்தியானம் சாப்பாடு முடிந்து வேறு எதையோ எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். அடியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடி ஒரு புது ரீமர். காம்பில் 12.5 என்று பொறித்திருந்தது. கையிலிருந்த அரை இஞ்ச் துண்டு ஒன்றை எடுத்து மில்லியில் அளந்து பார்த்தேன். பன்னிரண்டு புள்ளி ஏழு. இரண்டு தலைமுடி கனம் வித்தியாசம் இருக்கும். புஷ்ஷுக்கு அது பெரிய ஓட்டை. தண்டு உள்ளே கடகடவென்று ஆடும்.

என் பெட்டியிலிருந்து அவர் பகுதிக்கு இருபது அடி. நிதானமாக நடந்தாலும் அரை நிமிஷம். அப்போது அறுபது எழுபது புஷ்தான் ஆகியிருக்கும். போய், “நிறுத்துங்க, தப்பான ரீமர் குடுத்துட்டேன்” என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அடுத்த நாள் காலையில் அந்தப் பலகை முன்னால் நின்று, அந்தப் பதினொரு பேர் எதிரில், நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். அதுவும் போர்மேன் யார் என்று முடிவாகும் மாசத்தில். அதைவிட மேலாக இன்னொன்றும் தோன்றியது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரே ஒரு தடவை அவர் பேரும் கெட்டுப் பார்க்கட்டுமே என்று தோன்றியது.

பெட்டியை மூடினேன். பூட்டினேன். சாயங்காலத்துக்குள் நானூறும் முடிந்தது.

ஒரு வாரத்தில் முழு லோடும் திரும்பி வந்தது. முதலாளி பட்டறை நடுவில் நின்று ஒரு புஷ்ஷைத் தரையில் எறிந்தார். அது உருண்டு என் காலடியில் வந்து நின்றது. நான் குனியவில்லை.

“யார் வேலை இது?”

“என் பகுதியில நடந்தது” என்றார் அவர். “முதல் பீஸை நான் அளக்கல. அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“நீங்களா? நீங்க எப்படி அளக்காம விட்டீங்க?”

“விட்டுட்டேன். தப்புதான்.”

ரீமரை யார் கொடுத்தது என்று முதலாளிக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவரும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாவிக்கொத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, அது சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டேன். மறுநாள் காலையில் பலகையில் ஒரு பித்தளை புஷ்ஷும் அட்டையும் இருந்தன. என் இடத்திலிருந்து பார்த்தாலே மஞ்சளாகத் தெரியும். அந்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் ஒருநாளும் கிட்டப் போய்ப் படிக்கவில்லை. பயம்தான்.

அன்று சாயங்காலம் பல்லாவரம் பிளாட்பாரத்தில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அந்த அரை இஞ்ச் ரீமர் உங்க பெட்டிக்கே வந்திருச்சா?”

“வந்திருச்சு” என்றேன்.

“காம்புல ஒரு சொட்டு சிவப்பு பெயிண்ட் வைங்க. அடுத்தவங்க ஏமாறக் கூடாது பாருங்க.” ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். “வேற யார் குடுத்திருந்தாலும் அளந்திருப்பேன். நீங்க குடுத்தீங்களேன்னு விட்டுட்டேன்.”

அவர் திட்டுவார் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுகூடச் செலவாகவில்லை. ரயில் வந்தது. யாரோ அவருக்கு இடம் வைத்திருந்தார்கள். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

அடுத்த மாசம் நான் போர்மேன் ஆனேன்.

கண்ணாடி அறை, மேஜை, சுழலும் நாற்காலி எல்லாம் வந்தன. பொறாமை போகும் என்று நினைத்தேன், பெரிதாகத்தான் ஆனது. கண்ணாடி வழியாக அவர் பகுதி நன்றாகத் தெரியும். நானூறு பீஸ் கெடுத்த மனிதர் என்று யாரும் அவரை ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. “அண்ணனே தன் பேரைப் போட்டு வெச்சுக்கீறாரு, நமக்கின்னா” என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த புஷ்ஷைக் காட்டிச் சொன்னார்கள். தப்பு செய்தது நான், அதில் பேர் எடுத்தது அவர் என்று எனக்கு மனசுக்குள் கோபம் வேறு. இதைவிடக் கேவலமாக ஒருவன் பொறாமைப்பட முடியுமா தெரியவில்லை. நான் பட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் கண்ணில் புரை விழுந்தது. அளவு பார்க்கிற கண் போனபின் சம்பளம் வாங்கக் கூடாது என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டு, மகள் வீட்டோடு இருக்கத் திருச்சிக்குப் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் நான்தான் பேசினேன். நன்றாகவே பேசினேன். பாதிப் பேர் அழுதார்கள், என் பேச்சுக்காக அல்ல.

அவர் போன அடுத்த திங்கள்கிழமை பலகையைக் கழற்றச் சொன்னேன். “சுவத்துக்கு வெள்ளை அடிக்கணும்” என்று காரணம் சொன்னேன். பீஸ்கள் பழைய இரும்போடு போயின. பலகையை உடைத்து அடுப்புக்குப் போட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துபோகும், இனிமேல் இது என் பட்டறை என்று இருந்தேன்.

வியாழக்கிழமை காலை நான் அறைக்குள் நுழைந்தால், என் மேஜை நடுவில், பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு கெட்டுப்போன இரும்பு ஷாஃப்ட். கம்பியில் கட்டிய அட்டை. இடது கைக்காரன்தான் அப்போது ஃபினிஷிங் சூப்பர்வைசர். கூப்பிட்டேன்.

“இது என்ன?”

“நம்மாளு ஒருத்தன் கெட்த்துட்டான் சார்.”

“அதுக்கு என் டேபிள்ல ஏன்?”

“பலகை இல்லையே சார். எங்கியாவது வெக்கணும் இல்ல? உங்க டேபிள்தான் தோதா கீது” என்றான். கிண்டல் இருக்கிறதா என்று அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் சஸ்பெண்ட் செய்திருப்பேன்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஏதாவது கெட்டால் என் மேஜைக்கு வரும். முன்பக்கத்து ஆட்களும் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்கள். காலையில் மெஷின் ஓடுவதற்கு முன் எல்லோரும் என் அறைக்குள் வந்து நெருக்கியடித்து நிற்பார்கள். கெடுத்தவன் வாயால் சொல்வான். யாராவது, “சரி, இனிமே இன்னா செய்யலாம்?” என்பார்கள். போய்விடுவார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்த்து ஒருவரும் பேசமாட்டார்கள், மேஜையைப் பார்த்துத்தான் பேசுவார்கள். நிறுத்தச் சொல்லவும் வழியில்லை. திரும்பி வரும் சரக்கு குறைந்துவிட்டது, முதலாளி என் நிர்வாகத்தைப் பாராட்டி ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டில் நடந்தபோது கை அரித்தது.

அவர் இருந்தபோதாவது அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அவர் திருச்சியில் கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார், பட்டறை அவர் சொன்னபடி நடக்கிறது, நான் இங்கேயே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் போனபின் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்த்தேன். சாவிக்கொத்து மிஞ்சும். அதையும் வேறு யாராவது இடுப்பில் கட்டிக்கொள்வார்கள்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு ஆவணி மாசம், திருச்சியிலிருந்து தந்தி வந்தது. அவர் இறந்துவிட்டார். பத்தொன்பது பேர் ஒரே சமயத்தில் லீவு கேட்டு என் மேஜை முன்னால் நின்றார்கள். “நீங்க வர்லியா சார்?” என்று இடது கைக்காரன் கேட்டான். மெஷின்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்றேன். அவர்கள் தாம்பரத்தில் ரயில் ஏறிப் போனார்கள். மறுநாள் காலிப் பட்டறையில் உட்கார்ந்து, நான் செத்தால் யார் யார் வருவார்கள் என்று விரல் விட்டு எண்ணினேன். ஒரு கையிலேயே விரல் மிச்சம். அதே நேரத்தில் இன்னொன்றும் தோன்றியது. ரீமர் விஷயம் தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டார். இனி நான் பத்திரம். அந்த நினைப்பில் நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை. எனக்கு ரிட்டயர் ஆக ஐந்து மாசம். மெஷின்களையெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். நான் புதுச் சட்டையோடு கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன். அறைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். என் மேஜைக்கு நான்கு மூலையிலும் சந்தனப் பொட்டு. நடுவில் சாமந்தி மாலை. பொரிகடலைத் தட்டு அதன்மேல். கற்பூரத் தட்டும் அங்கேதான்.

இத்தனை வருஷத்தில் போர்மேன் மேஜைக்கு யாரும் பொட்டு வைத்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் என்னையும் புரிந்துகொண்டார்கள், போகிற காலத்தில் ஒரு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்தேன். “எதுக்குப்பா இதெல்லாம்” என்று சொல்லக்கூட வாயைத் திறந்துவிட்டேன்.

“அண்ணன் போனதுக்கப்புறம் மொதல் பூஜை இல்லீங்களா” என்றான் இடது கைக்காரன். “முன்னாடியெல்லாம் பலகைக்கு வெப்போம். இப்ப பலகை இதானே.”

திறந்த வாயை மூடிக்கொண்டேன். செத்த பிறகும் விடமாட்டாரா இந்த மனிதர் என்று உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தான். உள்ளே ஒரு பித்தளை புஷ், பச்சை பூத்து, கம்பியில் கட்டிய பழுப்பேறிய அட்டையோடு. “பலகையக் கயட்டும்போது இத மட்டும் நான் எட்த்து வெச்சுகினேன் சார். எம் மெஷின்ல ஓடினது. அண்ணன் பேர் போட்டது” என்று சொல்லி, மாலைக்கு நடுவில் வைத்தான்.

அப்போதுதான் அந்த அட்டையைக் கிட்டத்தில் பார்த்தேன். அவர் கையெழுத்து. ‘முதல் பீஸை அளக்காமல் வேலையை விட்டேன்.’ அதற்குக் கீழே அவர் பெயர். அவ்வளவுதான். அவர் செய்யாத எதையும் அவர் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. அட்டையின் கீழ்ப்பாதியில் எல்லாவற்றையும் நெருக்கி எழுதியிருந்தார். மேல்பாதி காலி.

“ஏன் மேலே காலியா விட்டிருக்கார்?” என்று கேட்டேன்.

“நானும் கேட்டேன் சார். இன்னொருத்தர் எழுதணும், எடம் இருக்கட்டும்னாரு. யாருன்னு கேட்டதுக்கு சொல்லல.” அவன் அட்டையை லேசாக ஊதித் தூசியைத் தட்டினான். “ரீமரு எனக்குக் குட்த்தது அண்ணன்தான். அவுருக்கு யார் குட்த்தாங்கன்னு எனக்குத் தெரியாது.”

எல்லோரும் சுற்றி நின்றிருந்தார்கள். தீப்பெட்டி ஒருவன் கையில் இருந்தது. நான் பேசாமல் இருந்தால் கற்பூரம் ஏற்றுவார்கள், பொரி கொடுப்பார்கள், ஐந்து மாசத்தில் மாலை போட்டு அனுப்புவார்கள். பேனா ஸ்டாண்டிலிருந்து பென்சிலை எடுத்தேன். அவர் விட்ட இடம் சின்னது. எழுத்தைக் குறுக்கி எழுத வேண்டியிருந்தது. ‘தப்பான ரீமரைக் கொடுத்தது நான். மத்தியானமே தெரிந்தது. இருபது அடி நடந்து போய்ச் சொல்லவில்லை.’ பிறகு என் பெயரை எழுதினேன்.

எழுதி முடித்துப் பார்த்தால், அந்த அட்டையில் என் பெயர் அவர் பெயருக்கு மேலே இருந்தது. பதினைந்து வருஷமாக நான் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

இடது கைக்காரன் அட்டையைத் திருப்பித் தன் பக்கம் வைத்துப் படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான். அவன் முகம் சிவந்து, பிறகு அடங்கியது. தீப்பெட்டிக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினான்.

“எழுதினா பத்தாது சார்” என்றான். “வாயால சொல்லணும்.”

இருபத்தைந்து பேரும் மேஜையைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு, அவர்கள் நிற்கும் பக்கம் வந்து நின்றுகொண்டு, சொல்ல ஆரம்பித்தேன்.